முதுகுக்குப் பின்னால் ஒரு கை

கோச் சட்டமன்ற உறுப்பினர் ஆனதற்கு அவர் செய்த ஒரே தவறு, தோற்காமல் இருந்ததுதான். கல்லூரிப் பெண்கள் வாலிபால் அணிக்கு அவர் பயிற்சியாளராக இருந்தவரை அந்த அணி வருடம் தவறாமல் கோப்பையோடு திரும்பி வந்தது. பத்திரிகைப் படத்தில் பெண்கள் கோப்பையைத் தூக்கிப் பிடித்திருப்பார்கள். ஓரத்தில், கழுத்தில் விசிலும் தலையில் தொப்பியுமாக அவர் நிற்பார். தேர்தல் நேரத்தில் கட்சிக்குக் கறைபடாத முகம் ஒன்று அவசரமாகத் தேவைப்பட்டது. கட்சிக்குள் தேடிக் களைத்துப்போய் வெளியே தேடியபோது அந்தத் தொப்பிக்காரர் கண்ணில் பட்டார். தொப்பியைக் கழற்றச் சொல்லிப் பார்த்தார்கள். முடிதான் கம்மி, முகம் பரவாயில்லை. வேட்பாளர் ஆகிவிட்டார்.

மேடைக்கு மேடை அவர் பேசியது ஒன்றே ஒன்றுதான். "மைதானத்துல ஏமாத்த முடியாது. பந்து கோட்டுக்கு வெளிய விழுந்தா வெளியதான். அரசியலையும் அப்படி ஆக்கிக் காட்டறேன்." மக்கள் கைதட்டினார்கள். அப்படியெல்லாம் ஆகாது என்று அவர்களுக்குத் தெரியும். ஆனாலும் ஒருத்தர் தான் சொல்வதைத் தானே நம்பிப் பேசி, அவர்கள் கேட்டு ரொம்ப நாளாகியிருந்தது. ஜெயித்தார். கல்லூரி வேலையை விட்டார். பழைய விசிலைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பேரவைக்குப் போனார். வாசலில் காவலர் அதையும் வாங்கி வைத்துக்கொண்டு ஒரு டோக்கன் கொடுத்தார்.

உள்ளே கடைசி வரிசையில், தூணுக்குப் பின்னால் இடம். கன்னிப் பேச்சாக மாணவியர் விடுதியின் கழிப்பறைகளைப் பற்றி ஆரம்பித்தார். கொறடா வந்து சட்டை நுனியைப் பிடித்து இழுத்தார். ஆளும் கட்சி உறுப்பினர்கள் எப்போது எழவேண்டும், எப்போது உட்கார வேண்டும், எதற்கு 'ஆம்' சொல்ல வேண்டும் என்று மேய்ப்பதுதான் கொறடாவின் வேலை. ஒல்லியான மனிதர். குரலை உயர்த்தவே மாட்டார். அவருக்காக உயர்த்தத்தான் இத்தனை பேர் இருக்கிறார்களே.

"அண்ணே, நான் இன்னும் முடிக்கல."

"அதான் நான் முடிச்சு வெச்சேன். உக்காருங்க கோச்."

இப்படியே தூணுக்குப் பின்னால் ஐந்து வருஷம் தூங்கிக் கழித்திருந்தால் அவருக்கு ஒரு குறையும் வந்திருக்காது. வந்தது மேசை தட்டலால்.

ஆளும் கட்சிக்காரர்களுக்கு மேசை தட்டவே வராது. ஆளுக்கொரு நேரம் தட்டுவார்கள். நிதிநிலை அறிக்கையில் முதல்வர் "கடும் வறட்சியால் பயிர்கள் கருகின" என்று படித்துவிட்டுத் தண்ணீர் குடிக்க நிறுத்தியபோது, பின்வரிசை முழுக்க ஆரவாரமாகத் தட்டித் தீர்த்தது. மறுநாள் பத்திரிகையில் அதுதான் தலைப்பு. கொறடா கோச்சைத் தனியாகக் கூப்பிட்டார்.

"பொண்ணுங்க பந்து எங்க வரும்னு எப்படிக் கரெக்டா எழும்பறாங்க?"

"சைகை இருக்குண்ணே. நெட்டுகிட்ட நிக்கற ஆள் முதுகுக்குப் பின்னால விரலைக் காட்டும். பின்னாடி இருக்கற எல்லாரும் அந்தக் கையத்தான் பாப்பாங்க. எதிராளிக்குத் தெரியாது."

"அதையே இங்க பண்ணுங்க."

பண்ணினார். அவைக்குழுக் கூட்ட அறையின் கதவைச் சாத்திக்கொண்டு, தொந்தியும் தூக்கமுமாக இருந்த அந்தக் கூட்டத்தை மாதக்கணக்கில் பழக்கினார். ஒரு விரல் என்றால் மேசை தட்டு. இரண்டு விரல் என்றால் எழுந்து நில். மூடிய முட்டி என்றால் "வெட்கம், வெட்கம்". ஐந்து விரலும் விரிந்தால், ஒரே குரலில் "ஆம்". தாமதமாகத் தட்டியவர்களை அறையைச் சுற்றி ஓடவிட்டார். ஓட முடியாதவர்களை நடக்கவிட்டார். செங்கல் சூளை வைத்திருக்கும் உறுப்பினர் ஒருவர் இரண்டையும் மறுத்துவிட்டு, உட்கார்ந்த இடத்திலேயே கற்றுக்கொண்டார். அடுத்த கூட்டத்தொடரில் ஆளும் கட்சியின் மேசை தட்டல் ஒரே இடியாக இறங்கியது. எதிர்க்கட்சிக்காரர்களே அசந்து போனார்கள்.

கோச்சுக்கு முன்வரிசை கிடைத்தது. சொந்தக்காரர்களிடமெல்லாம் தொலைபேசியில் சொல்லி மகிழ்ந்தார். முன்வரிசை தன் முகத்துக்காக அல்ல, முதுகுக்காகக் கிடைத்தது என்பது அவருக்கு உறைக்கவில்லை. இடப்பக்கம் சுவர், வலப்பக்கம் செங்கல் சூளைக்காரர். பெஞ்சுக்கு இடுப்புயர மரக்கதவு ஒன்று உண்டு. உறுப்பினர்கள் உட்கார்ந்ததும் அவைப் பணியாளர் வந்து வெளியிலிருந்து கொக்கி போட்டுவிட்டுப் போவார்.

அப்புறம் அந்த மசோதா வந்தது.

பேரவைக் கட்டடத்துக்கு நேர் பின்னால், ஒரே சுவருக்கு அந்தப்பக்கம், கல்லூரியின் விளையாட்டு மைதானம். உறுப்பினர்களின் கார்களுக்கு நிழல் போதவில்லை என்று நீண்ட நாளாகக் குறை. மசோதாவின் பெயர் என்னவோ 'பொது நில நற்பயன்பாட்டு மசோதா' என்று பவித்திரமாக இருந்தது. உள்ளே இருந்தது அடுக்குமாடிக் கார் நிறுத்தம். கொறடா கேன்டீனில் கோச்சுக்கு டீ சொல்லிவிட்டு விஷயத்தையும் சொன்னார்.

"அண்ணே, அது எங்க கிரவுண்டு."

"அதான் முதல்ல உங்ககிட்ட சொல்றேன். வேற யாராவது சொல்லித் தெரிஞ்சா சங்கடப்படுவீங்க."

"பிள்ளைங்க எங்க ஆடுவாங்க?"

"மொட்டை மாடியில. பிளான்லயே இருக்கு."

"பந்து கீழ விழுந்தா?"

"விழாம ஆடச் சொல்லிக்குடுங்க. நீங்கதானே கோச்."

"இல்லண்ணே, நான் இதை எதிர்த்து..."

"சொல்லுங்க," என்றார் கொறடா. அவ்வளவு இதமாக, கன்னத்தில் கைவைத்துக் கேட்டார். அந்த இதத்துக்குள் கோச்சின் வாக்கியம் கால் சிக்கி விழுந்துவிட்டது.

"ஒண்ணுமில்ல. டீ நல்லா இருக்கு."

வீட்டில் இதைச் சொன்னபோது மனைவி பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தார். பள்ளியில் கணக்கு சொல்லித் தருபவர். தெருவில் எல்லோருக்கும் டீச்சர், கோச்சுக்கும் டீச்சர்தான்.

"கட்டின நாள்லேர்ந்து நான் எது கேட்டாலும் முடியாதுன்னு நல்லா சொல்றீங்களே," என்றார் டீச்சர், தாளிலிருந்து கண்ணை எடுக்காமல். "அதுல ஒண்ணை எடுத்துட்டுப் போய் அங்க சொல்ல வேண்டியதுதானே?"

"அது வேற டீச்சர். கட்சி உத்தரவை மீறி ஓட்டுப் போட்டா பதவி போயிடும்."

"போகட்டும். வீட்டுல பாத்திரம் தேய்க்க ஆள் இல்ல."

"பதவி போனா எங்க போவேன்? காலேஜ் வேலையையும் விட்டாச்சு."

"கிரவுண்டுக்குப் போங்க." சிவப்புப் பேனா ஒரு சுழி போட்டது. "ஓ, அதைத்தான் நீங்க குடுக்கப் போறீங்க. மறந்துட்டேன்."

மறுநாள் காலையில் ஸ்பிரிங் வந்தாள். ஒரு காலத்தில் அவருடைய அணித் தலைவி. நெட்டுக்கு மேலே அவள் எழும்பும் உயரத்தைப் பார்த்து அவர்தான் அந்தப் பெயரை வைத்தார். அவர் விட்டுப்போன வேலையில் இப்போது அவள்தான் பயிற்சியாளர். பயிற்சி முடித்து நேராக வந்திருந்தாள். செருப்பைக் கழற்றியபோது மைதானத்து மண் வாசலில் உதிர்ந்தது.

"சார், நீங்க எதிர்த்துப் பேச வேண்டாம். எதிர்த்து ஓட்டும் போட வேண்டாம்," என்றாள். "கையை மட்டும் சும்மா வெச்சிருந்தா போதும்."

"புரியலம்மா."

"டிவியில தினம் பாக்கறேன் சார். உங்க விரலைப் பாத்தாச் சிரிப்பா வருது. அது நம்ம சைகை. உங்க கை அசையாம அவங்க ஒருத்தரும் வாயைத் திறக்க மாட்டாங்க. நீங்க அப்படிப் பழக்கிட்டீங்க." நாற்காலியின் நுனிக்கு வந்தாள். "உங்க கட்சியில பாதிப் பேர் வெளிநாட்டுல குப்பை அள்றதைப் பாக்க ஸ்டடி டூர்னு குடும்பத்தோட போயிருக்காங்களாமே? அதனாலதான் எண்ணிப் பாக்காம குரல் வாக்குன்னு வெச்சிருக்காங்க. எந்தப் பக்கம் சத்தமோ அந்தப் பக்கம் ஜெயம். இந்தப் பக்கம் சத்தமே வரலைன்னா எதிர்க்கட்சி எண்ணச் சொல்லும். எண்ணினா மசோதா விழுந்துடும். நீங்க ஒண்ணுமே பண்ணல. உங்க மேல யாரு என்ன நடவடிக்கை எடுக்க முடியும்?"

கோச் யோசித்தார். உள்ளறையிலிருந்து டீச்சரின் குரல் வந்தது. "சும்மா இருக்கறதுதானே? அதுல அவரை அடிச்சுக்க ஆளே இல்லம்மா. வீட்டுல நான் பாக்கறேனே."

"சரிம்மா," என்றார் கோச். "கை அசையாது. சத்தியமா."

"சத்தியமெல்லாம் வேண்டாம் சார். கையைப் பாத்துக்குங்க. பிள்ளைங்களையும் கூட்டிட்டு வர்றேன். பார்வையாளர் மாடத்துல உக்காந்து பாப்போம்."

மசோதா ஓட்டுக்கு வந்த அன்றைக்கு அவருக்குக் காலையிலேயே வயிற்றுவலி வந்தது. பொய்வலிதான், இருந்தாலும் நியாயமான பொய். கொறடாவுக்குத் தொலைபேசியில் சொன்னார். "அடடா," என்றார் கொறடா. கொஞ்ச நேரத்தில் கார் வந்தது. காருக்குள் டாக்டரும் இருந்தார், கட்சியின் மருத்துவர் அணித் தலைவர். "நாக்கை நீட்டுங்க," என்றார். பார்த்தார். "ம். பேரவைக்குப் போகலாம்."

பெஞ்சில் உட்கார்ந்ததும் மரக்கதவுக்குக் கொக்கி விழுந்தது. செங்கல் சூளைக்காரர் ஏற்கெனவே தூங்கிக்கொண்டிருந்தார். அவரைத் தாண்டுவது என்றால் கட்டடத்தை இடித்து வழி செய்வது மாதிரி. மாடம் கோச்சின் முதுகுப்பக்கம், மேலே. அவரால் பார்க்க முடியாது. ஆனால் ரப்பர் அடிப்பாகக் காலணிகள் படியில் கிரீச்சிடும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தை அவருக்கு எங்கே கேட்டாலும் தெரியும். வந்துவிட்டார்கள். எல்லோரும் சீருடையில்தான் இருப்பார்கள். எல்லோரும் அவருடைய முதுகைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

அமைச்சர் மசோதாவைப் படித்தார். மைதானம் என்ற சொல்லே அதில் வரவில்லை. 'பயன்படுத்தப்படாத திறந்தவெளி' என்று வந்தது. கோச் தம் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் திணித்து அவற்றின் மேலேயே உட்கார்ந்துகொண்டார். விரல்கள் மரத்துப்போகத் தொடங்கின. நல்லது, மரத்துப்போகட்டும் என்று விட்டுவிட்டார்.

"மசோதாவை ஏற்போர் 'ஆம்' என்க," என்றார் சபாநாயகர்.

ஒருவரும் சொல்லவில்லை.

அப்படியொரு அமைதியைப் பேரவை இரங்கல் தீர்மானத்தின்போதுகூடக் கண்டதில்லை. மேலே மின்விசிறி மட்டும் சுற்றியது. சபாநாயகர் கண்ணாடிக்கு மேலாக ஆளும் கட்சிப் பக்கம் பார்த்தார். கோச்சின் பின்னால் பெஞ்சுகள் முனகின. யாரோ இருமினார். செங்கல் சூளைக்காரர் அந்த அமைதியில் விழித்துக்கொண்டு, "என்ன கோச், கையக் காணோம்?" என்றார் மெதுவாக.

கோச் எதிரே இருந்த சுவரைப் பார்த்தார். இன்னும் கொஞ்சம்தான். சபாநாயகர் மறுப்போரைக் கேட்டுவிட்டால் முடிந்தது.

எதிர்வரிசையில் எதிர்க்கட்சியின் வக்கீல் உறுப்பினர் கால்மேல் கால் போட்டுச் சிரித்தார். "என்ன கோச், இன்னிக்கு உங்க டீம் வரலையா? வாக்ஓவர் குடுத்துட்டீங்களா?"

எதிர்க்கட்சி மொத்தமும் சிரித்தது.

வாக்ஓவர். வந்து நிற்காமலே, ஆடாமலே, எதிராளிக்கு வெற்றியைத் தூக்கிக் கொடுப்பது. ஒருமுறை பாதி அணி காய்ச்சலில் படுத்தபோதுகூட அவர் மீதிப் பெண்களை நிறுத்தி ஆடவைத்தாரே தவிர வாக்ஓவர் கொடுத்ததில்லை. காதுமடல் சூடேறியது. பரவாயில்லை, சிரிக்கட்டும். மேலே மாடத்தில் யாருடைய சிரிப்பும் கேட்கவில்லை, அதை மட்டும் நினைத்துக்கொண்டார்.

"மீண்டும் கேட்கிறேன்," என்றார் சபாநாயகர், கொறடாவின் முகத்தைப் பார்த்தபடி. "ஏற்போர் 'ஆம்' என்க."

அப்போது பின்வரிசையிலிருந்து யாரோ ஒருவர், தைரியம் வந்தோ பயம் வந்தோ, தனியாக "ஆ...ம்" என்றார். பாதியில் குரல் பிசிறியது. இன்னொரு மூலையில் இன்னொருவர், எல்லாம் முடிந்த பிறகு, "ஆமாங்க" என்றார். ஒருவர் மேசையைத் தட்டினார். வேறொருவர் எழுந்து நின்றே விட்டார்.

இதை மட்டும் கோச்சால் தாங்க முடியவில்லை. தோற்பதைக்கூட ஒரு அணி ஒழுங்காகத் தோற்கவேண்டும். அவர் பழக்கிய அணி, ஊரே பார்க்க, சர்வீஸைத் தவறவிட்டு ஒருத்தர்மேல் ஒருத்தர் முட்டிக்கொண்டு நின்றது. வேண்டாம் என்று அவர் நினைத்தார். நினைத்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது. நினைத்துக்கொண்டிருக்கும்போதே வலது கை தொடைக்கு அடியிலிருந்து தன்னை உருவிக்கொண்டு முதுகுக்குப் பின்னால் போய், ஐந்து விரலையும் விரித்தது.

"ஆம்."

ஒரே குரல். சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. இவ்வளவு காலப் பயிற்சியில் ஒருநாளும் இத்தனை கச்சிதமாக வந்ததில்லை. அந்த ஒரு நொடி கோச்சுக்குச் சந்தோஷமாக இருந்தது. பிறகு அதைத்தான் அவரால் யாரிடமும் சொல்ல முடியாமல் போயிற்று.

மறுப்போர் எவ்வளவோ கத்தினார்கள். சபாநாயகருக்கு எதுவும் கேட்கவில்லை. மசோதா நிறைவேறியது. மேசை தட்டலுக்கு ஒரு விரல் தேவைப்பட்டது. அதையும் கை தானாகவே காட்டியது.

கொறடா வந்து கொக்கியைத் தம் கையாலேயே எடுத்துவிட்டார். "கொஞ்ச நேரம் என் உயிரே போயிடுச்சு கோச். அப்படியே இழுத்துப் பிடிச்சு, எதிராளியைச் சிரிக்கவிட்டு, அப்புறம் போட்டீங்க பாருங்க. இதான் அனுபவம்." அன்று மாலையே அவரைத் துணைக் கொறடாவாக்கி அறிவிப்பு வந்தது.

வராந்தாவில் ஸ்பிரிங் பெண்களை வரிசையாக அழைத்துக்கொண்டு படியிறங்கி வந்தாள். கோச் ஒதுங்கி நிற்கப் பார்த்தார். ஒரு பக்கம் தூண், இன்னொரு பக்கம் வாழ்த்துச் சொல்ல வந்த கூட்டம்.

"ஸ்பிரிங், நான் வேணும்னு..."

"தெரியும் சார்," என்றாள். கோபம் இருந்திருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும். "உங்க டைமிங் இன்னும் அப்படியே இருக்கு." பெண்கள் ஒவ்வொருவராக அவரைக் கடந்துபோனார்கள். வழக்கம்போல "குட் ஈவினிங் சார்" என்று சொல்லிக்கொண்டு போனார்கள். அவர்களுக்கு அப்படித்தான் பழக்கியிருந்தார்.

வீட்டில் டீச்சர் ஏற்கெனவே தொலைக்காட்சியில் பார்த்துவிட்டிருந்தார். சாப்பாடு போட்டார். தட்டை நீட்டிய அவருடைய வலது கையை மட்டும் கொஞ்ச நேரம் பார்த்தார்.

கட்டடம் எழும்பியது. மொட்டை மாடியில் கம்பிவலை போட்டு ஒரு நெட்டும் கட்டினார்கள். முதல் வாரமே பந்து வலையைத் தாண்டி ஒரு அமைச்சரின் கார் கண்ணாடியில் விழுந்ததால், மாடிக் கதவுக்குப் பூட்டுப் போட்டுவிட்டார்கள். ஸ்பிரிங் பெண்களை எங்கேயோ ஒரு குடோனில் வைத்துப் பழக்குவதாகக் கோச் கேள்விப்பட்டார். அந்த வருடம் கோப்பை வேறு கல்லூரிக்குப் போனது.

முதல்வருக்கு நேரம் கிடைத்து ஒருவழியாகத் திறப்பு விழா வைத்தபோது குடும்பத்தோடு வரச் சொன்னார்கள். துணைக் கொறடாவுக்கு மரியாதையாக முதல் இடம். பெயர்ப்பலகையோடு, தரைத்தளத்தில், மூலையில். காவலாளி முன்னால் நின்று விசிலை ஊதிக்கொண்டே கையசைத்தார். வா, வா, இன்னும் வா. கோச் கையைப் பார்த்துப் பார்த்துக் காரை உள்ளே விட்டார். பட்டென்று உள்ளங்கை எழும்பியதும் நிறுத்தினார்.

கதவைத் திறந்தார். ஒரு சாண் திறந்து தூணில் இடித்தது. டீச்சர் தம் பக்கக் கதவைத் திறந்து பார்த்தார். அங்கே சுவர்.

"பின்னால எடுங்க."

"பின்னால செங்கல் சூளைக்காரர் காரை நிறுத்திட்டாரு. இறங்கிப் போயிட்டாரு."

டீச்சர் முன்கண்ணாடி வழியாகப் பார்த்தார். "இது அந்த நெட் கம்பம் இருந்த இடம்தானே?"

இருட்டிய கான்கிரீட்டில் புதுச் சுண்ணாம்பு வாசனை. வெளியே வாசல் பக்கம் ஒலிபெருக்கியில் முதல்வர் பேசத் தொடங்கினார். ஏதோ ஒரு வாக்கியத்தை முடித்துவிட்டு நிறுத்தினார். கைதட்டல் வரவேண்டிய இடம். வந்தது, அங்கே கொஞ்சம் இங்கே கொஞ்சம், ஆளுக்கொரு நேரமாக.

"சரியில்ல," என்று முணுமுணுத்தார் கோச். "அவங்க என்னைத் தேடுவாங்க."

"தேடட்டும்."

முதல்வர் மறுபடி நிறுத்தினார். கோச்சின் வலது கை ஸ்டியரிங்கை விட்டு மெல்ல இறங்கி, இருக்கைக்கும் முதுகுக்கும் நடுவில் நுழையப் பார்த்தது. டீச்சர் அந்தக் கையைப் பிடித்து இழுத்துத் தம் மடியில் வைத்துக்கொண்டார். கொஞ்சம் யோசித்து, தம் கைப்பையையும் அதன்மேல் வைத்தார்.